இன்சுலின் தந்த பாண்டிங்

நவம்பர் 14 வந்தால் எமது கல்லூரிக் காலைக் கூட்டத்தில் யாராவது ஒரு மாணவி நீரிழிவைப் பற்றிப் பேசுவாள். சீனியைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மரக்கறி கூடுதலாகச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஸலாம் கூறி மேடையை விட்டு இறங்குவாள். அத்தனையும் உண்மைதான். ஆனால் உலக நீரிழிவு தினத்துக்கு இந்தத் திகதியை ஏன் தெரிவு செய்தார்கள் என்பதை அந்தப் பேச்சுகளில் நான் கேட்டதில்லை. அது ஒரு மனிதரின் பிறந்த நாள். 1891 நவம்பர் 14 அன்று கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில், அலிஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகிலிருந்த ஒரு பண்ணை வீட்டில், அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டியாகப் பிறந்தார் பிரெட்ரிக் கிரான்ட் பாண்டிங்.

அவருடைய வாழ்க்கையை நான் தேடிப் படிப்பதற்கு எங்கள் வீட்டில் நடந்த ஒரு வாக்குவாதம் காரணமாக இருந்தது. அது இடையில் வரும். முதலில் அவர்.

பாண்டிங் கெட்டிக்கார மாணவர் அல்லர். எழுத்துப்பிழை அவரை வாழ்நாள் முழுவதும் விடவேயில்லை. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் கலைப்பாடம் படிக்கச் சென்று முதலாம் வருடத்திலேயே சறுக்கினார். பிறகு 1912இல் மருத்துவத்துக்கு மாறினார். முதலாம் உலக யுத்தம் மூண்டதால் படிப்பைச் சுருக்கி 1916இன் இறுதியில் பட்டம் கொடுத்து, இளம் வைத்தியர்களைப் படையில் சேர்த்துக்கொண்டார்கள். 1918 செப்டெம்பரில் பிரான்சின் கம்பிரே போர்முனையில் குண்டுச் சிதறல் ஒன்று அவரது வலது கையைத் துளைத்தது. அந்தக் கையோடும் மற்றக் காயக்காரர்களுக்கு மருந்து கட்டியதற்காக அவருக்கு இராணுவச் சிலுவைப் பதக்கம் கிடைத்தது.

யுத்தம் முடிந்து வந்தவருக்கு ரொறன்ரோ சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைப் பயிற்சி கிடைத்தது. நிரந்தர வேலை கிடைக்கவில்லை. 1920ஆம் ஆண்டு கோடையில் லண்டன் என்ற பெயருள்ள ஒன்டாரியோ நகரமொன்றில் வீடு வாங்கி, வாசலில் பெயர்ப்பலகை மாட்டிக் காத்திருந்தார். நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் 4 டொலர். ஆசிரியையாக இருந்த மணப்பெண் வேறு காத்திருந்தாள். செலவைச் சமாளிக்க அருகிலிருந்த பல்கலைக்கழகத்தில் மணித்தியாலத்துக்கு 2 டொலர் கூலிக்கு மாணவருக்குச் செய்முறை காட்டும் வேலையை ஏற்றுக்கொண்டார். படித்து முடித்தும் வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் எங்கள் ஊர் அண்ணன்மாரை நினைத்துக்கொண்டுதான் இந்தப் பகுதியை வாசித்தேன்.

அந்த வேலையின் ஒரு பகுதியாக, உடல் மாப்பொருளையும் சீனியையும் எப்படிக் கையாளுகிறது என்று மாணவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அந்த விடயம் அவருக்கே நன்றாகத் தெரியாது. 1920 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு பாடத்துக்கு ஆயத்தம் செய்தார். படுக்கும் முன் மோசஸ் பரன் என்பவர் எழுதிய ஒரு மருத்துவக் கட்டுரையையும் வாசித்தார். தூக்கம் பிடிக்கவில்லை. அதிகாலை 2 மணியளவில் எழுந்து, இருபத்தைந்து சொற்களில் ஓர் யோசனையைக் குறிப்பேட்டில் எழுதினார். அந்தக் குறிப்பில் நீரிழிவு என்ற சொல்லிலேயே எழுத்துப்பிழை இருக்கிறது. உலகத்துக்கு அந்த நோயின் மருந்தைத் தரப்போகிறவர் அதன் பெயரைப் பிழையாக எழுதினார் என்பது எனக்கு மிகவும் பிடித்த விடயம்.

அந்த யோசனையை விளங்கிக்கொள்ள அக்கால நிலைமை கொஞ்சம் தெரிய வேண்டும். எமது இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி, அதாவது கணையம், இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, உணவைச் சமிபாடு அடையச் செய்யும் சாற்றை ஒரு கான் வழியாகக் குடலுக்கு அனுப்புவது. மற்றது, அதற்குள் தீவுகள்போலச் சிதறிக் கிடக்கும் சிறு கலக்கூட்டங்கள் ஏதோ ஒன்றை நேரடியாக இரத்தத்துக்குள் விடுவது. அந்தத் தீவுகளை லாங்கர்ஹான் என்ற ஜெர்மனிய மாணவர் 1869இல் கண்டார். சதையியை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்பதை மின்கோவ்ஸ்கியும் வொன் மேரிங்கும் 1889இல் காட்டினார்கள். ஆகவே அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்து ஊசியில் ஏற்றினால் நோயாளி பிழைப்பான் என்று பலர் முயன்றார்கள். முப்பது வருடங்களாக எவருக்கும் உருப்படியாகக் கைகூடவில்லை. சமிபாட்டுச் சாறு அதை அழித்துவிடுகிறது என்று பாண்டிங் நினைத்தார். கானைக் கட்டிவிட்டால் சாறு சுரக்கும் பகுதி வாடிப்போகும், தீவுகள் மட்டும் எஞ்சும், அவற்றிலிருந்து எடுக்கலாம் என்பதே அந்த இரவு வந்த யோசனை.

அதுவரை நோயாளிகளுக்குக் கொடுத்தது என்ன? பட்டினி. அமெரிக்காவில் பிரெட்ரிக் அலன் என்ற வைத்தியர், உணவை மிகக் கடுமையாகக் குறைத்தால் நோயாளி இன்னும் கொஞ்ச நாள் இருப்பார் என்று கண்டார். அவர் கொடூரமானவர் அல்லர், அவரிடம் இருந்த ஒரே வழி அதுதான். சிறு பிள்ளைகளுக்குக்கூட எடை பார்த்து இலைக்கறி கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாய் அவர்கள் கிடந்தார்கள். நோயால் சாவதா, பசியால் சாவதா என்ற இரண்டுக்கும் நடுவே பெற்றோர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தனர்.

நவம்பர் மாதம் பாண்டிங் ரொறன்ரோவுக்குப் போய், சீனிச் சமிபாட்டில் பெயர்பெற்ற ஸ்கொட்லாந்துப் பேராசிரியர் மெக்லியோட்டைச் சந்தித்தார். இந்த விடயத்தில் நூல்களைக்கூடச் சரியாகப் படிக்காத ஒருவர் வந்து நிற்கிறார் என்று பேராசிரியருக்குத் தோன்றியது. அது நியாயமான எண்ணம்தான். ஆயினும் கடைசியில் ஓர் ஆய்வுகூட அறை, பத்து நாய்கள், சார்ள்ஸ் பெஸ்ட் என்ற இருபத்திரண்டு வயது உதவியாளர் ஆகியவற்றைக் கொடுத்தார். 1921 மே 17இல் வேலை தொடங்கியது. பாண்டிங்குக்குச் சம்பளமில்லை. அவர் சத்திரசிகிச்சை செய்ய, பெஸ்ட் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று அளந்தார். கோடை வெக்கையில் அந்த அறையில் நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறந்தன. மெக்லியோட் விடுமுறைக்கு ஸ்கொட்லாந்து போய்விட்டார். ஜூலை 30ஆம் திகதி, 410ஆம் இலக்க நாய்க்குச் சதையிச் சாற்றை ஏற்றியபோது, 200 ஆக இருந்த அதன் சீனி ஒரு மணித்தியாலத்தில் 120க்கு இறங்கியது.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. அந்த நள்ளிரவு யோசனை தேவையே இல்லாத ஒன்று என்று பின்னர் தெரியவந்தது. கானைக் கட்டி வாரக்கணக்கில் காத்திருப்பது பெருந்தொல்லை. பண்ணையில் வளர்ந்த பாண்டிங்குக்கு, மடுவத்தில் அறுக்கப்படும் பசுக்கள் சில வேளைகளில் கன்று சுமந்திருக்கும் என்பது தெரியும். பிறவாத கன்றின் சதையியில் சமிபாட்டுச் சாறு இன்னும் உருவாகியிருக்காது என்று கணித்து அதை எடுத்துப் பார்த்தார். வேலை செய்தது. பிறகு சாதாரண மாட்டின் முழுச் சதையியையே மதுசாரத்தில் இட்டுச் சாறு எடுத்தார்கள். அதுவும் வேலை செய்தது. பிழையான வழியில் புறப்பட்டவர் சரியான வீட்டுக் கதவைத் தட்டினார் என்று சொல்லலாமா தெரியவில்லை. விடாமல் தட்டினார் என்பது மட்டும் நிச்சயம்.

டிசம்பரில் கொலிப் என்ற உயிர் இரசாயனவியலாளர் குழுவில் சேர்ந்தார். சாற்றைச் சுத்திகரிப்பது அவர் பொறுப்பு. ரொறன்ரோ பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவன் சாகக் கிடந்தான். எடை 29 கிலோகிராம். 1922 ஜனவரி 11ஆம் திகதி பாண்டிங்கும் பெஸ்டும் தயாரித்த சாறு அவனுக்கு ஏற்றப்பட்டது. சீனி கொஞ்சம்தான் இறங்கியது. ஊசி போட்ட இடமும் வீங்கியது. நிறுத்திவிட்டார்கள். கொலிப் இரவு பகலாக வேலை செய்து மேலும் சுத்தமான சாற்றைக் கொண்டுவந்தார். ஜனவரி 23இல் அது ஏற்றப்பட்டபோது 520 ஆக இருந்த சீனி 120க்கு வந்தது. பையன் எழுந்து உட்கார்ந்தான். இன்னும் பதின்மூன்று வருடங்கள் வாழ்ந்தான். தீவு என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து அந்த மருந்துக்கு இன்சுலின் என்று பெயரிட்டார்கள்.

இந்த இடத்தில் என் உம்மும்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குச் சீனி வருத்தம் வந்து பல வருடங்கள். குளிசைகள் போதாமல்போய், இனி இன்சுலின் போட வேண்டும் என்று கிளினிக்கில் சொன்னார்கள். உம்மும்மா மறுத்துவிட்டார். இன்சுலின் என்றால் கடைசி மருந்து, அதைத் தொடங்கினால் மையித்துக்கு நாள் குறித்த மாதிரி என்பது அவர் முடிவு. பக்கத்து வீட்டு மாமி ஒருவர் ஊசி தொடங்கிய ஆறு மாதத்தில் மவுத்தானதை ஆதாரமாகக் காட்டினார். உம்மா அழுதார், வாப்பா கோபித்தார், ஒன்றும் எடுபடவில்லை. இதற்கிடையில் உம்மும்மாவின் காலில் ஒரு சிறு புண் ஆறாமல் கிடந்தது.

அப்போதுதான் நான் பாண்டிங்கைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க ஒன்று விளங்கியது. இன்சுலின் கடைசி மருந்து அல்ல, அதுதான் முதல் மருந்து. இன்று நாம் விழுங்கும் சீனிக் குளிசைகள் எல்லாம் அதற்கு முப்பது வருடங்களுக்கு மேல் பிந்தியவை. பலரும் எடுக்கும் மெட்போமினை 1957இல்தான் ஜீன் ஸ்டேர்ன் என்ற பிரெஞ்சு வைத்தியர் நோயாளிகளுக்குக் கொடுத்த முடிவுகளை வெளியிட்டார். இன்சுலின் கடைசியாக வருவதுபோலத் தோன்றுவதற்குக் காரணம், குளிசையால் சமாளிக்கக்கூடியவரை வைத்தியர்கள் அதனாலேயே சமாளிப்பதுதான். காலந்தாழ்த்தித் தொடங்குகிறவர்கள் ஏற்கெனவே நோய் முற்றியவர்களாக இருக்கிறார்கள். பழி ஊசியின் மேல் விழுகிறது.

உம்மும்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது பன்றியிலிருந்து எடுப்பதுதானே என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆரம்பத்தில் மாட்டிலிருந்தும் பன்றியிலிருந்தும் இன்சுலின் எடுத்தார்கள். 1978இல் மனித இன்சுலினுக்குரிய பரம்பரையலகைப் பற்றீரியாவுக்குள் செலுத்தி, அந்த நுண்ணுயிரையே இன்சுலின் தயாரிக்க வைத்தார்கள். 1982இல் அது பாவனைக்கு வந்தது. இன்று பெரும்பாலும் அப்படித் தயாரிப்பதைத்தான் தருகிறார்கள் என்றேன். அடுத்த கிளினிக்கில் டொக்டரிடமும் அதையே கேட்டு உறுதிசெய்துகொண்டுதான் ஒப்புக்கொண்டார். இப்போது காலையிலும் இரவிலும் உம்மா ஊசி போட்டுவிடுகிறார். உம்மும்மா அதை இன்னமும் கடைசி ஊசி என்றுதான் அழைக்கிறார். தினமும் இரண்டு கடைசி ஊசிகள்.

லெனார்டுக்கு வந்ததும் உம்மும்மாவுக்கு வந்ததும் ஒரே நோய் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். லெனார்டின் உடலில் இன்சுலின் சுரக்கவேயில்லை. உம்மும்மாவுடையது இரண்டாம் வகை. இன்சுலின் சுரக்கிறது, உடல் அதற்குச் சரியாகக் கீழ்ப்படிவதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. உடற்பருமன் இதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று. இப்படி இரு வகை உண்டென்பதை இங்கிலாந்தில் ஹிம்ஸ்வேர்த் 1936இல் எழுதினார். பாண்டிங் என்ற பெயருக்கும் பருமனுக்கும் ஒரு வினோதமான தொடர்புண்டு. அவருக்குத் தூரத்து உறவு என்று சொல்லப்படும் வில்லியம் பாண்டிங் என்பவர் இங்கிலாந்தின் லண்டனில் சவப்பெட்டி செய்து அடக்க வேலைகள் பார்த்தவர். சீனியும் மாப்பொருளும் குறைத்துத் தன் பருமனைக் குறைத்த கதையை 1863இல் சிறு நூலாக வெளியிட்டார். அது எவ்வளவு பரவியதென்றால், உணவைக் கட்டுப்படுத்துவதற்குச் சுவீடன் மொழியில் இன்றும் அவர் பெயரிலிருந்து பிறந்த சொல்லையே பயன்படுத்துகிறார்கள்.

இப்போது பத்திரிகைகளில் அடிபடும் வாரம் ஒரு முறை போடும் புதிய ஊசிகளும் இந்தக் கதையின் தொடர்ச்சிதான். உணவு குடலுக்குள் வந்ததும் குடல் ஓர் ஓமோனை விடுகிறது. அது சதையியை இன்சுலின் சுரக்கத் தூண்டுகிறது, பசியையும் அடக்குகிறது. ஆனால் சில நிமிடங்களில் அழிந்துவிடும். அழியாமல் நிற்கும் அதுபோன்ற பொருளொன்றை அமெரிக்கப் பாலைவனத்துப் பல்லியொன்றின் நஞ்சில் ஜோன் எங் என்பவர் கண்டார். அதிலிருந்து வந்த மருந்து 2005இல் அனுமதி பெற்றது. அதே வழியில் உருவான செமக்ளுடைட் 2017இல் இரண்டாம் வகை நீரிழிவுக்கும் 2021இல் உடற்பருமனுக்கும் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்டது. விலைதான் சாதாரண குடும்பம் நினைத்துப் பார்க்க முடியாதது. பாண்டிங்கும் பெஸ்டும் கொலிப்பும் இன்சுலினின் உரிமையைத் தலைக்கு ஒரு டொலர் பெற்று ரொறன்ரோ பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார்கள் என்பதை அந்த விலையோடு சேர்த்து வாசித்தால் மனம் கனக்கிறது. ஒரு டொலர், மூவருக்கும் சேர்த்து மூன்று.

ஆனால் அந்த மூவரும் மெக்லியோட்டும் சேர்ந்து சிரித்த முகத்தோடு வாழ்ந்தார்கள் என்று எண்ண வேண்டாம். சுத்திகரிப்பு முறையைக் கொலிப் சொல்ல மறுத்தபோது பாண்டிங் கையை ஓங்கும் நிலைக்குப் போனார். 1922 வசந்த காலத்தில் பெருமளவில் தயாரிக்கப் போய், கொலிப்பாலேயே மருந்தை மீண்டும் உருவாக்க முடியாமல் போயிற்று. வாரக்கணக்கில் ஊசி இல்லை. கண்ணெதிரே மருந்து தோன்றி மறைந்ததைப் பார்த்த பெற்றோரின் நிலையை நினைக்கவே பயமாக இருக்கிறது. பிறகு முறையைத் திரும்பப் பிடித்தார்கள். அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனம் பெரிய அளவில் தயாரிக்கத் தொடங்கியது.

அந்த ஆண்டு ஓகஸ்டில் அமெரிக்க வெளியுறவுச் செயலாளரின் மகள் எலிசபெத் ஹியூஸைத் தாய் ரொறன்ரோவுக்குக் கொண்டுவந்தார். பதினைந்து வயதை எட்டும் பெண், எடை சுமார் 20 கிலோகிராம். அலனின் பட்டினி முறையில் மூன்று வருடங்கள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தவள். எத்தனை கிராம் உணவு என்று தானே எழுதிவைத்து, ஒரு கவளமும் மீறாதவள். பாண்டிங் அவளுக்கு இன்சுலின் போட்டு, சாப்பிடச் சொன்னார். வெள்ளைப் பாணையும் உருளைக்கிழங்கையும் கண்ட அவளது மகிழ்ச்சியை நோன்பு திறக்கும் நேரத்தில் எம்மால் ஓரளவாவது ஊகிக்க முடியும். அவளுக்கு அந்த நோன்பு மூன்று வருடம்.

1923இல் நோபல் பரிசு பாண்டிங்குக்கும் மெக்லியோட்டுக்கும் என்று அறிவித்தார்கள். மருத்துவத்துக்கான நோபல் பரிசை அவரைவிடக் குறைந்த வயதில் எவரும் இன்றுவரை பெறவில்லை. அவரோ கொதித்தெழுந்தார். பெஸ்டின் பெயர் இல்லை, கோடை முழுவதும் ஊரில் இல்லாத பேராசிரியரின் பெயர் இருக்கிறது. பரிசே வேண்டாம் என்றவரை நண்பர்கள் அமைதிப்படுத்தினார்கள். தன் பங்கில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மெக்லியோட்டும் தன் பங்கில் பாதியைக் கொலிப்புக்குக் கொடுத்தார். பெஸ்டுக்காக அவர் நின்றது எனக்குப் பிடிக்கிறது. மெக்லியோட்டை வாழ்நாள் முழுவதும் வெறுத்தது பிடிக்கவில்லை. இடம் கொடுத்தவர், வழி சொன்னவர், கொலிப்பை அழைத்தவர் அவர்தான். ருமேனியாவில் பவுலெஸ்கு என்பவர் 1921இலேயே நாய்களில் சதையிச் சாற்றின் பலனை வெளியிட்டிருந்தார். அவருக்குப் பரிசில் பங்கேதும் கிடைக்கவில்லை.

அதன்பின் கனடா அரசு பாண்டிங்குக்கு ஆயுள் முழுவதும் வருடம் 7,500 டொலர் வழங்கியது. 1934இல் சேர் பட்டம் வந்தது. ஆராய்ச்சியில் அவருக்கு இன்னொரு இன்சுலின் கிடைக்கவேயில்லை. புற்றுநோய், சுரங்கத் தொழிலாளரின் நுரையீரல் நோய் என்று பலவற்றைத் தொட்டார். முதல் மணவாழ்க்கை கசந்து முடிந்தது. ஓவியம் வரைவதில்தான் நிம்மதி கண்டார். ஏ. வை. ஜக்சன் என்ற புகழ்பெற்ற ஓவியருடன் 1927இல் வடதுருவப் பகுதிவரை போய்ப் பனியையும் மலைகளையும் வரைந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கியதும் மீண்டும் சீருடை அணிந்தார். வேகமாகத் திரும்பும் விமானங்களில் விமானிகள் மயங்காதிருக்க உடையொன்றை உருவாக்கும் ஆராய்ச்சிக்குத் துணை நின்றார். அது போன்ற வேலைகளுக்காக 1941 பெப்ரவரியில் இங்கிலாந்து புறப்பட்டார். 20ஆம் திகதி இரவு அவர் சென்ற ஹட்சன் விமானம் நியூபவுண்ட்லாந்தின் உறைபனிக் காட்டில் விழுந்தது. விமானி பிழைத்தார். பாண்டிங் மறுநாள் இறந்தார், வயது 49.

எலிசபெத் ஹியூஸ் அவருக்குப் பிறகும் நாற்பது வருடங்கள் இருந்தார். பட்டம் பெற்று, திருமணம் செய்து, மூன்று பிள்ளைகளை வளர்த்தார். 1981இல் இறந்தபோது வயது 73, அதுவரை ஏறத்தாழ 42,000 ஊசிகள் போட்டிருந்தார்.